எழுதிக் காட்டினால் கேட்கும்

என் தங்கைக்குக் காசநோய் என்று தெரிந்தபோது அவள் அரியலூரில் பி.ஏ. முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள். எழுபதுகளின் நடுப்பகுதி. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அப்பா நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். இரண்டு மாடுகளை வைத்து அம்மா எங்களை வளர்த்தாள். நான் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. எங்கள் வீட்டில் சந்தோஷத்துக்காக ஆங்கிலம் படித்த முதல் ஆள் என் தங்கைதான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் கம்பியைப் பிடித்தபடி ஒரு கையில் ஆங்கில நாவலை விரித்து வைத்திருப்பாள் என்று கண்டக்டர் சொல்லி எங்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் அந்த நோய்க்குத் தினமும் ஊசி போட வேண்டும். மாதக்கணக்கில் போட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையும் முட்டையும் பாலுமாக அம்மா அவளைத் தேற்றினாள். இருமல் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. அந்தச் சமயத்தில்தான் அவள், "காதுக்குள்ள சில்வண்டு கத்துதுக்கா" என்றாள். பலவீனம் என்று நினைத்தோம். சில்வண்டு அடங்கியபோது மற்றச் சத்தங்களும் கூடவே அடங்கிவிட்டன. மருத்துவர் ஊசியை நிறுத்தி மருந்தை மாற்றினார். சிலருக்கு அந்த ஊசி காதின் நரம்பைத் தொட்டுவிடும் என்றும், போனது போனதுதான் என்றும், ஆனால் உயிர் தங்கியதே என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தவறு இல்லை. உயிர் தங்கியது.

முழுச் செவிடு என்று அவளைச் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் ஏதோ ஒன்று அவளை எட்டியது. கிணற்றுக்குள் ஆள் பேசுவதுபோல் இருக்கிறது, பேச்சு என்று தெரிகிறது, என்ன பேச்சென்று தெரியவில்லை என்பாள். கல்லூரியில் அவளுடைய இடத்தை வைத்திருந்தார்கள். ஜூன் மாதம் திறக்கும்போது வந்து பார்க்கட்டும், வகுப்பில் சொல்வது காதில் விழுந்தால் சேர்ந்துகொள்ளலாம் என்று முதல்வர் என்னிடம் சொல்லியனுப்பியிருந்தார். அந்த ஜூனை நோக்கித்தான் எங்கள் வீடு உட்கார்ந்திருந்தது.

நான் பள்ளியிலிருந்து ஒரு சிலேட்டும் பல்பமும் கொண்டுவந்து கொடுத்தேன். சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுவது, பிறகு அதையே வாயாலும் சொல்வது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பது முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல் தோன்றியதால் சொல்லவும் செய்தோம். ஒரு சாயங்காலம் அம்மா சிலேட்டில் "சோறு திங்க வா" என்று எழுதி நீட்டி, எப்போதும்போல் உரக்கச் சொன்னாள். தங்கை சிலேட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

"சோறு திங்க வாடி."

"கேக்குது! அம்மா, நீ சொல்றது கேக்குது! 'திங்க'ன்னு சொன்னல்ல? அக்கா, கேக்குதுக்கா!"

அம்மா சிலேட்டைக் கீழே போட்டுவிட்டாள். மூலையில் ஒரு சில்லு உடைந்தது.

அதுவரை ஓசைக் குழம்பாக இருந்த ஒன்று, எழுத்தைப் பார்த்தபின் சொற்களாகப் பிரிந்து வந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அம்மாவின் குரலில் இருந்த கரகரப்பைக்கூட அவளால் சொல்ல முடிந்தது. மறுநாளே தெருவுக்குச் செய்தி போய்விட்டது. எதிர் வீட்டு அத்தை வந்து நின்றாள். வாய் நிறைய வெற்றிலையோடு, "எங்க, எம்பேர எழுது. நான் சொல்றன், கேக்குதா பாப்பம்" என்றாள். எழுதினேன். அத்தை கூரை அதிரக் கத்தினாள்.

"கேக்குதுங்க அத்தை. வெத்தலயத் துப்பிட்டுச் சொன்னா இன்னும் நல்லாக் கேக்கும்."

"அடி கழுத! காது வந்துதோ இல்லியோ, வாயி வந்துட்டுது" என்று அத்தை சிரித்துக்கொண்டே அவள் தலையில் குட்டினாள். அம்மா செட்டிகுளத்து முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள். மொட்டை தங்கைக்கு இல்லை, தனக்கு.

தினமும் பயிற்சி நடந்தது. அம்மா மூன்றாவது வகுப்போடு நின்றவள். புள்ளி வைக்க மறப்பாள், ஒற்று விடுவாள், பேசுவதை அப்படியே எழுதுவாள். "மாட்டுக்கு தண்ணி காட்டிட்டியா", "வூட்ட பூட்டிகிட்டு வா". எனக்கு அப்படி எழுதக் கை வராது. தமிழ் சொல்லிக்கொடுக்கிறவளின் கை தானாகவே "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்று எழுதும். எழுதிவிட்டு, எல்லாரையும்போல "வந்துட்டாங்க" என்று சொல்லுவேன். எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு என்பது பழகிப் பழகி நம் கவனத்திலிருந்தே மறைந்துபோன ஒன்று. எழுதியதை அப்படியே யாரும் பேசுவதில்லை, பேசியதை அப்படியே யாரும் எழுதுவதில்லை. அம்மா எழுதினாள். ஏனெனில் அவளுக்கு வேறு வகை தெரியாது.

ஒருநாள் தங்கை என்னிடம் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"எம்மேல கோவமாக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பின்ன ஏன் இப்பல்லாம் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துற மாதிரியே எங்கிட்டப் பேசற? 'வந்துவிட்டார்கள்', 'சாப்பிட்டாயா'ன்னுட்டு. யாரோ மாதிரி இருக்குக்கா. அம்மா மட்டுந்தான் அம்மா மாதிரியே பேசுது."

அதைக் கேட்டபோது நான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது. நான் ஒருமுறைகூட அவளிடம் 'வந்துவிட்டார்கள்' என்று சொன்னதில்லை. எந்த வீட்டில் எந்த அக்கா தங்கையிடம் அப்படிப் பேசுவாள்? நான் சொல்லாத ஓசைகளை அவள் என் குரலில் கேட்டிருக்கிறாள். நான் சொன்ன ஓசைகள் அவளை வந்தடையவே இல்லை.

அன்றே அதை நம்பிவிட எனக்கு மனம் வரவில்லை. ஜூனுக்காக நாங்கள் ஆங்கிலப் பாடப் புத்தகத்தையும் இப்படித்தான் படித்துவந்தோம். அவள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் வரி வரியாக வாசிப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள். எனக்கு ஆசிரியர் பயிற்சியில் வாய்த்த ஆங்கில ஆசிரியை உச்சரிப்பில் மிகவும் கண்டிப்பானவர். மற்றது எப்படியோ, எந்த எழுத்தை விழுங்க வேண்டும் என்பதை எனக்குள் அடித்து இறக்கியிருந்தார். எனவே ஆங்கிலத்தில் நான் ஏமாற வழியில்லை. அவள் முன்பே வகுப்பில் கேட்டுப் பழகிய சொற்கள் சரியாகவே வந்தன. கேட்டிராத சொற்களை மறுநாள் உற்றுக் கவனித்தேன். கல்லறைக்கு உரிய சொல்லை 'டூம்' என்று வாசித்தேன். அவள் 'டோம்ப்' என்றாள். படை அதிகாரியைக் 'கர்னல்' என்றேன். 'கலோனல்' என்றாள். நான் வாயை அகலத் திறந்து இன்னொரு முறை சொன்னேன்.

"அதத்தான நானும் சொல்றேன்? கலோனல். தெளிவாக் கேக்குதே."

அவள் முகத்தில் சந்தேகத்தின் சாயைகூட இல்லை. நாமும்தான் பார்த்துப் படித்த சொல்லை எழுத்துக்கு எழுத்து உச்சரிக்கிறோம். பிறகு ஒருநாள் வேறொருவர் வாயில் கேட்டு, வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்கிறோம். அந்த 'பிறகு ஒருநாள்' அவளுக்கு இனி இல்லை. எழுத்து எதைச் சொல்கிறதோ அதையே உலகம் சொல்வதாக அவளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்று செய்தேன். சிலேட்டில் "எதிர்வீட்டு அத்தை வந்திருக்கிறார்" என்று எழுதிக் காட்டினேன். வாயால், "கெணத்தடியில வாளி கெடக்குது" என்றேன். உரக்கத்தான் சொன்னேன்.

"எங்க? வாசல்லயா நிக்கிறாங்க? உள்ள வரச் சொல்லுக்கா" என்று எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு அவள் வாசலுக்குப் போனாள்.

மாட்டுக் கொட்டகையில் அம்மா தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன்.

"அவளுக்குக் கேக்கலம்மா. எழுத்தப் பாக்கறா. அதுதான் கேக்கற மாதிரி இருக்கு அவளுக்கு."

"கேக்குதுன்னு அவளே சொல்றா. நீ என்ன அவ காதுக்குள்ள பூந்து பாத்தியா?"

"சோதிச்சுப் பாத்தேன்மா."

"சோதிக்கிறதுக்கு அவ என்ன ஒன் பள்ளிக்கூடத்துப் புள்ளையா?" அம்மா கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். "செத்துப் பொழச்ச புள்ள. இப்பத்தான் சிரிக்கிறா. ஒனக்கு எதப் பாத்தாலும் செவப்பு மையால ஒரு கோடு இழுத்துடணும். இதுலயும் இழுக்காதடி."

மாடு தொட்டியில் வாய் வைத்துச் சர்சர்ரென்று உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூன் வந்தது. மூவரும் அரியலூர் பஸ் ஏறினோம். அம்மா மஞ்சள் பையில் சிலேட்டையும், அது உடைந்தால் என்ன செய்வதென்று இன்னொரு சிலேட்டையும் வைத்திருந்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் பஸ் ஊர்ந்தது. சன்னலோரத்தில் இருந்த தங்கையின் புருவத்தில் வெள்ளையாகப் புழுதி படிந்ததை அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு அன்று புதுச் சேலை.

முதல்வர் அறையில் ஆங்கிலப் பேராசிரியரும் இருந்தார். தங்கையின் கட்டுரைகளை வகுப்பில் வாசித்துக் காட்டியவர். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டார். அவள் புன்னகை செய்து என்னைப் பார்த்தாள்.

"எழுதிக் காட்டிட்டுச் சொல்லுங்க சார். நல்லாக் கேக்கும்" என்று அம்மா சிலேட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அவர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வியை எழுதி, அதை வாயாலும் கேட்டார். நோயாக இருந்த மாதங்களில் என்ன படித்தாய் என்று கேள்வி. தங்கை ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். நீளமான, அழகான பதில். ஒரு கிழவரையும் மழையையும் பற்றிய நாவலை அவள் சொல்லச் சொல்ல முதல்வர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அம்மாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் என் பக்கம் திரும்பி, 'பார்த்தாயா?' என்பதுபோல் தலையை உயர்த்தினாள். அந்த ஒரு கணம் நானும் நம்பினேன். என் சோதனைதான் தவறாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பேராசிரியர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சன்னல் பக்கம், அவளுக்குப் பின்னால் போய் நின்றார். வகுப்பில் அவர் நடந்துகொண்டே பாடம் நடத்துபவர் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து வாசிக்கத் தொடங்கினார். நிதானமான, கனத்த குரல். தங்கை மேசைமேல் இருந்த சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்து, கேள்விக்குக் காத்திருக்கும் நல்ல மாணவியாக. அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். அவள் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, தான் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அறை முழுதும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"சார் என்னக்கா இன்னும் எழுதவே இல்ல? யோசிக்கிறாரா?"

வாசிப்பு நின்றது. பேராசிரியர் புத்தகத்தை மூடி அலமாரியில் வைப்பதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அவர் யாரையும் பார்க்கவில்லை.

"எழுதிப் போட்டாக் கேக்குங்க சார்" என்றாள் அம்மா. "நீங்களும் பாடத்த போர்டுல எழுதித்தானங்க போடுவீங்க?"

"எல்லாத்தையும் எழுத முடியாதேம்மா" என்றார் முதல்வர். கடுமையாகச் சொல்லவில்லை. வேறு வழியும் அந்தக் காலத்தில் அவருக்கு இருக்கவில்லை. "உடம்பு இன்னும் நல்லாத் தேறட்டும். அடுத்த வருஷம் பாப்போம்."

தங்கை ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். யாரும் சிலேட்டைத் தொடவில்லை. கடைசியில் அவளே அதை எடுத்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். எழுதப்படாதது என்னவென்று அவள் கேட்கவில்லை.

அரியலூர் பஸ் நிலையத்தில் வெயில் கொளுத்தியது. பெரம்பலூர் வண்டி வரவில்லை. நிழலில் இடம் பிடித்து அவளை உட்காரவைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து அம்மா சிலேட்டை வாங்கி, மடிமேல் வைத்து, "பசிக்குதா கண்ணு" என்று எழுதினாள். எழுதி அவளுக்கு நேராகப் பிடித்தாள். சொல்வதற்காக வாயைத் திறந்தாள். ஒரு ஓசையும் வரவில்லை. உதடுகள் மட்டும் துடித்தன. முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள்.

தங்கை அம்மாவின் முழங்காலில் கை வைத்துச் சொன்னாள்:

"கேக்குதும்மா. பசிக்கல. நீ அழுவாத. நீ சொல்றது நல்லாக் கேக்குது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தப் பார்வையைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு என்றுமே பேசிக்கொண்டதில்லை.

அடுத்த வருஷம் யாரும் அரியலூருக்குப் போகவில்லை. மொட்டையை மட்டும் அம்மா போட்டுவிட்டு வந்தாள். கேட்டதற்கு, "உயிரோட இருக்கால்ல?" என்றாள். சிலேட்டில் எழுதியதையெல்லாம் அவள் முன்னைப்போலவே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நான் என் கையைத் திருத்திக்கொண்டேன். வகுப்பில் மாணவிகள் எழுதினால் வட்டமிடும் சொற்களை, "வந்துட்டாங்க", "சாப்டியா", "போயிட்டு வரேன்" என்று, வீட்டில் அவளுக்காக எழுதப் பழகினேன். முதல் நாள் அதைப் படித்ததும் அவள் என்னை வெகு நேரம் பார்த்துவிட்டு, "இப்பத்தான்க்கா ஒன் கொரலு வந்துருக்கு" என்றாள்.

ஆனால் எங்கள் இருவரின் சிலேட்டு எவ்வளவுதான் எழுதிவிட முடியும்? அவளுடைய நாளின் பெரும்பகுதி புத்தகங்களோடும் செய்தித்தாள்களோடும் கழிந்தது. வருடங்கள் போகப்போக அச்சு அவள் நாவில் ஏறியது. தான் பேசுவது தனக்கே கேட்காதவளுக்கு எது பேச்சு, எது எழுத்து என்று யார் நினைவூட்டுவது? எண்பதுகளில் அவள், "நான் கடைக்குச் சென்று வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். "ரேடியோல நியூஸ் வாசிக்கிற அம்மா வந்துட்டாங்கப்பா, சாமான் குடு" என்பான் கடைக்காரன். சிரிப்பில் விஷம் இல்லை. அவளும் சிரித்துவிட்டு வருவாள், எதற்கென்று தெரியாமல்.

அந்தப் பத்தாண்டின் நடுவில் நான் ஒரு டி.வி. வாங்கினேன். ஞாயிறு மதியங்களில் வேற்று மொழிப் படம் ஒன்று போடுவார்கள். வங்காளமோ மலையாளமோ, அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடும். தெருவில் மற்றவர்கள் அந்த நேரத்தில் டி.வி.யை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள். எங்கள் வீட்டில் அது விசேஷமான நேரம். எங்கள் யாருக்கும் புரியாத மொழி அவளுக்கு மட்டும் புரிந்தது. அவ்வளவு வேகமாக ஓடும் எழுத்தைப் பிடிக்க என்னாலும் முடியாது. அம்மா அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டு இடித்து இடித்துக் கேட்பாள். எதிர் வீட்டு அத்தையும் வந்துவிடுவாள்.

"அவன் இனி இந்த ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்கிறான்" என்று தங்கை சொல்வாள்.

"பாவிப்பய, வர மாட்டானாமா? கட்டுன பொண்டாட்டி?" என்பாள் அத்தை.

அப்படி ஒரு ஞாயிறு. படத்தில் ஒரு தாய். மகன் விடிவதற்குள் வீட்டைவிட்டுப் போய்விட்டான். அவள் வயல் வரப்பில் ஓடிவந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். மறுபடியும், மறுபடியும் கூப்பிடுகிறாள். பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள்போலும், அடியில் எழுத்து எதுவும் வரவில்லை. அந்த மொழி தெரியாத எங்களுக்கும் அந்தக் குரல் புரிந்தது. அத்தை வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

தங்கை திரையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"அவள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாளே. ஏதாவது சொல்கிறாளா?"

அத்தை பதில் சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். தங்கையைப் பார்த்து, இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினாள்.

"ஒன்றும் சொல்லவில்லையா?"

"ஒண்ணும் சொல்லல கண்ணு" என்றாள் அம்மா. வெறுமனே நிற்கிறாள் என்று கையால் காட்டினாள்.

தங்கை திருப்தியோடு மறுபடி திரையைப் பார்க்கத் திரும்பினாள். அந்தப் பெண் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். அடுத்த எழுத்து வரும்வரை நாங்கள் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.